சுண்டைக்காய் இலவசம், சுமைகூலி?

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கும் ஒரு பெண்மணியை மனத்தில் வைத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான்; ஆனால் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இவரைப் போல் நாலு பேர் இருப்பார்கள். முதலில் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று பார்சல் போட்டார். அவர்கள் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இப்போது வாட்ஸாப்பில் விடியற்காலையிலேயே செய்திகள் வந்து விழுகின்றன. "அக்கா, சில்லுக் கருப்பட்டி இருக்கா?" "பணம் போட்டுட்டேன், பாத்தீங்களா?" யார் பணம் போட்டார், யார் போட்டதாகச் சொன்னார், எந்தப் பார்சல் கோயம்புத்தூருக்கு, எது கும்பகோணத்துக்கு என்பதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அதிலும் சில பக்கங்கள் பாகு ஒட்டிப் பிரிக்க வரவில்லை.

சொந்தமாக ஓர் இணையக் கடை போட்டால் என்ன என்று தோன்றுகிறது. அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "சாஃப்ட்வேர் எல்லாம் ஃப்ரீதான் அத்தை, ஒரே நாள்ல போட்டுத் தந்திருதேன்" என்கிறான்.

அவன் பொய் சொல்லவில்லை. வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட், பிரஸ்டாஷாப் என்று பைசா வாங்காமல் கிடைக்கும் ஷாப்பிங் கார்ட் மென்பொருள்கள் பல இருக்கின்றன. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கடைகள் அவற்றில் ஓடுகின்றன. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்களே, அதில் சுண்டைக்காய்க்குரிய கால் பணம்கூட இங்கே மிச்சம். கணக்குப் பார்க்க வேண்டியது சுமைகூலியை.

கார்ட் என்ற பெயர் அமெரிக்க மளிகைக் கடையிலிருந்து வந்தது. ஓக்லஹோமா சிட்டியில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மன் என்பவர், கைக்கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்து வந்த யோசனையில் அதன் மாதிரியிலேயே சட்டம் செய்து, சக்கரம் பொருத்தி, கூடையை மேலே வைத்துத் தள்ளவிட்டார். இது 1937இல்.

இணையத்தில் கூடை வைப்பது அதைவிடச் சிரமமாக இருந்தது. காரணம், வலைப்பக்கத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கொடுத்து முடித்ததும் யாருக்குக் கொடுத்தோம் என்பதையே சர்வர் மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டு வருகிறவர் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பொருளையும் எடுத்த பிறகு கடைக்காரர் நம் முகத்தை மறந்துபோனால் எப்படி வியாபாரம் நடக்கும்? 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். வாங்க வருகிறவரின் கணினியிலேயே ஒரு சின்னத் துண்டுச்சீட்டை வைத்துவிடுவது, அடுத்த முறை வரும்போது அதைக் காட்டச் சொல்வது. அதுதான் குக்கீ. இன்று தளத்துக்குத் தளம் அனுமதி கேட்டு உயிரை வாங்கும் அந்தக் குக்கீ கடைக்கூடைக்காகப் பிறந்தது.

இப்போது கார்ட் மென்பொருள் என்றால் கூடை மட்டும் இல்லை. இருப்பு, விலை, வரி, கூரியர் கட்டணம், பில், வாங்கியவருக்குப் போகும் மின்னஞ்சல் என்று ஒரு கடையின் கல்லாவும் கணக்குப்பிள்ளையும் அதற்குள் இருக்கிறார்கள். அந்தப் பாகு ஒட்டிய நோட்டின் வேலை முழுவதும் இதன் தலையில் வரும்.

'ஃப்ரீ' என்று சொல்லும்போது தமிழுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் தடையில்லாததற்கும் ஒரே சொல். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'பிக் கார்டெல்' போன்ற சில சேவைகளில் ஐந்து பொருள்வரை இலவசமாகக் கடை போடலாம். வசதிதான், ஆனால் கடை அவர்கள் இடத்தில் இருக்கிறது, ஆறாவது பொருள் வைத்தால் மாதச் சந்தா கட்ட வேண்டும், நாளைக்கு அவர்கள் விதியை மாற்றினால் கேட்க ஆளில்லை. கட்டற்ற மென்பொருள் அப்படியல்ல. நிரலே நம் கைக்கு வந்துவிடும். விரும்பிய சர்வரில் வைக்கலாம், மாற்றலாம், எழுதியவர்கள் கைவிட்டாலும் வேறு ஒருவரைக் கொண்டு பராமரிக்கலாம். அந்தக் கடைசி உரிமை எவ்வளவு பெரியது என்பதை இந்தத் துறையின் கதையே காட்டுகிறது.

2000 மார்ச்சில் ஜெர்மனியில் ஹரால்ட் போன்ஸ் டி லியோன் என்பவர் ஓர் இலவசக் கடை மென்பொருளை வெளியிட்டார். ஓஎஸ்காமர்ஸ் என்று அது பெயர் பெற்றது. ஆரம்ப கால இணைய வியாபாரிகள் பலருக்கு அதுதான் முதல் கடை. ஆனால் அடுத்த பதிப்பு வருகிறது, வருகிறது என்று ஆண்டுகள் ஓடின. பொறுமை இழந்த சிலர் 2003இல் அதே நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து ஜென் கார்ட் என்று தனிக்கடை போட்டார்கள். உரிமம் அனுமதிக்கிறது, கோபித்துக்கொள்ள முடியாது. கூட்டுக்குடும்பம் பிரிந்து தனிக்குடித்தனம் போவதுபோல் இந்தத் துறையில் இது சகஜம்.

இன்னும் ருசியான பிரிவினை 2011இல் நடந்தது. வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குள் கடை வைக்க ஜிகோவாட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஜிகோஷாப் என்ற மென்பொருளை எழுதியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய வூதீம்ஸ் நிறுவனம் அந்த நிரலை எடுத்தது; அதில் வேலை செய்தவர்களில் இருவரைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டது; அந்த செப்டம்பரில் வூகாமர்ஸ் என்று வெளியிட்டது. நியாயமா என்று அப்போது பலர் கேட்டார்கள். உரிமப்படி சரி. 2015இல் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் வூதீம்ஸையே வாங்கிவிட்டது. இன்று வூகாமர்ஸ் தெரியாத வலைத்தள வடிவமைப்பாளர் இல்லை. ஜிகோஷாப் என்றால் எது என்று கேட்பார்கள். அன்று ஜிகோஷாப்பில் கடை போட்டவரின் மென்பொருள் ஒரே இரவில் கெட்டுப்போய்விடவில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

ஆகவே எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதைவிட, எதைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது என்று கேட்பது சிறு வியாபாரிக்கு உபயோகமானது. நட்ட நடு இரவில் கடை நின்றுபோனால், பக்கத்து ஊரில் அதைப் பார்க்கத் தெரிந்த பையன் ஒருவன் இருக்க வேண்டும்.

பெரிய பெயர் மட்டும் போதாது என்பதற்கு மஜெண்டோ சாட்சி. 2008இல் வந்த அந்த அமெரிக்க மென்பொருள் வேகமாக வளர்ந்தது. 2011இல் ஈபே வாங்கியது. கை மாறி, 2018இல் 168 கோடி டாலருக்கு அடோபியிடம் போனது. முதல் தலைமுறை மஜெண்டோவுக்கான ஆதரவு 2020 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டாம் தலைமுறைக்கு மாறுவது என்றால் பதிப்பைப் புதுப்பிப்பது அல்ல, கடையை இடித்துக் கட்டுவது. செலவுக்கு அஞ்சிப் பல கடைக்காரர்கள் பழையதிலேயே இருந்தார்கள். அந்த செப்டம்பரில் ஒரு சில நாட்களுக்குள் கிட்டத்தட்ட 2,000 மஜெண்டோ கடைகளுக்குள் திருட்டு நிரல் நுழைக்கப்பட்டதாக சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. பெரும்பாலானவை பழைய தலைமுறைக் கடைகள். வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் கார்டு எண்ணை அப்படியே நகலெடுத்து வெளியே அனுப்புவது அந்த நிரலின் வேலை. இவ்வகைத் திருடர்களுக்கு மேஜ்கார்ட் என்று பெயர் விழுந்ததே மஜெண்டோவை வைத்துத்தான். ஆனாலும் கட்டற்ற நிரல் என்பதால் ஆர்வலர்கள் ஓப்பன்மேஜ் என்ற பெயரில் பழைய தலைமுறையை எடுத்து இன்றும் பராமரித்து வருகிறார்கள். அந்தக் கடைசி உரிமை என்று சொன்னது இதைத்தான்.

கருப்பட்டிக் கடைக்கு மஜெண்டோ வேண்டாம். இன்றைய பதிப்புக்குத் தேடுபொறி மென்பொருள் ஒன்றையும் தனியாக நிறுவ வேண்டும். மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பங்கு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வர் இடத்தில், அது மூச்சுத் திணறும். எலி பிடிக்க மலையைக் கெல்லுகிற வேலை.

மிச்சம் மூன்று. வேர்ட்பிரஸுக்குள் பிளக்-இன்னாக, அதாவது கூடுதல் செருகலாக, உட்காரும் வூகாமர்ஸ். தனியாக நிற்கும் ஓப்பன்கார்ட். 2007இல் பாரிஸில் தொடங்கிய பிரஸ்டாஷாப். மூன்றும் கட்டற்றவை, மூன்றும் சாதாரண ஹோஸ்டிங்கில் ஓடக்கூடியவை. விளம்பரப் பட்டியலை வாசித்தால் மூன்றிலும் எல்லாம் இருக்கிறது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால், நம் சரக்கை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும்.

கருப்பட்டிக்கு முதல் பிரச்சினை எடை. ஒரு கிலோவுக்கு ஒரு கட்டணம், ஐந்து கிலோவுக்கு வேறு. எடை வாரியாகக் கூரியர் கட்டணம் போடும் வசதி ஓப்பன்கார்ட்டிலும் பிரஸ்டாஷாப்பிலும் கூடவே வருகிறது. இத்தனை புகழ்பெற்ற வூகாமர்ஸில் வருவதில்லை! நிலையான கட்டணம், இலவச அனுப்பல், நேரில் வந்து எடுத்துக்கொள்வது, இந்த மூன்றுதான் அடிப்படையில் உண்டு. எடைக் கணக்குக்கு ஒரு பிளக்-இன் சேர்க்க வேண்டும். விலையில்லாததும் கிடைக்கும், விலைக்கும் கிடைக்கும். இதோடு இன்னொரு வம்பு. பல கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகின்றன. முப்பதுக்கு முப்பதுக்கு இருபது அளவுள்ள ஓலைப்பெட்டியில் இரண்டு கிலோ கருப்பட்டி வைத்தாலும் கூரியர் கணக்கில் அது 3.6 கிலோ. ஓலைப்பெட்டி அழகுதான். அந்த அழகுக்கு உரிய எடையையே மென்பொருளில் பதிந்துவிடுவது நஷ்டத்தைத் தவிர்க்கும் எளிய வழி.

சரக்கு சேலையோ சட்டையோ ஆக இருந்தால் கேள்வியே மாறிவிடும். நீலத்தில் நாற்பது அளவு தீர்ந்துவிட்டது, சிவப்பில் இருக்கிறது என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி இருப்பு வைக்க வூகாமர்ஸும் பிரஸ்டாஷாப்பும் நேரடியாக வழி தருகின்றன. ஓப்பன்கார்ட்டில் நீண்ட காலமாக நீலம் இத்தனை, நாற்பது இத்தனை என்று தனித்தனியாகத்தான் எண்ண முடிந்தது. இல்லாத சட்டையை விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கடை நடத்த நினைப்பவருக்கோ கதை தலைகீழ்: பிற இரண்டிலும் பலமொழி வசதி உள்ளேயே இருக்க, வூகாமர்ஸுக்குத் தனிப் பிளக்-இன் தேவை.

அடுத்தது வரி. உதிரியாக எடை போட்டுத் தரும் கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம் என்று 2022 ஜூலையில் வந்தது. வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்பனைத் தொகை எவ்வளவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும் என்பது பொது விதி. பெங்களூரிலிருந்து வரும் முதல் ஆர்டரே அத்தையை ஆடிட்டரிடம் அனுப்பிவிடும். மென்பொருள் இதில் செய்ய வேண்டியது, தமிழ்நாட்டு முகவரி என்றால் இரண்டரையும் இரண்டரையுமாகப் பிரித்துப் போடுவது, வெளிமாநிலம் என்றால் ஒரே வரியாக ஐந்து போடுவது. வூகாமர்ஸின் வரி அட்டவணையில் மாநிலம் மாநிலமாக உட்கார்ந்து இதைப் பதிந்துவிடலாம். அரைநாள் வேலை, காசு செலவில்லை. ஆனால் அச்செடுக்கும் பிடிஎஃப் பில்லை அது தானாகத் தராது, அதற்கும் ஒரு பிளக்-இன். பிரஸ்டாஷாப்பில் பில் கூடவே வரும்.

பொட்டலப் பொருளை இணையத்தில் விற்கும்போது எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவை பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பது 2018 முதல் சட்டம். குறை சொல்ல யாரை அணுகுவது என்ற விவரமும் வேண்டும் என்று 2020 நுகர்வோர் விதிகள் கேட்கின்றன. வெளிநாட்டில் எழுதிய எந்த மென்பொருளும் இதையெல்லாம் ஞாபகப்படுத்தாது.

பணம் வாங்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடை முழுக்கக் கட்டி முடித்த பிறகு பார்த்தால், மென்பொருளோடு வந்திருப்பது பேபாலாக இருக்கலாம். பேபால் நிறுவனமோ 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தையே நிறுத்திவிட்டது. உடன்குடியிலிருந்து மதுரைக்கு விற்க அது உதவாது. ஆகவே தேர்வை இங்கிருந்து பின்னோக்கித் தொடங்குவது புத்திசாலித்தனம்: ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ போன்ற, பணத்தை வாங்கித் தரும் கேட்வேக்களில் எது நமக்குக் கணக்குத் தரும், எந்த மென்பொருளுக்கு அவர்கள் இணைப்பு எழுதிப் பராமரிக்கிறார்கள், எந்தப் பதிப்புக்கு? பதிப்பு எண் முக்கியம். ஓப்பன்கார்ட் மூன்றுக்கு எழுதிய இணைப்பு நான்கில் ஓடாது. புதியது என்று நான்கை நிறுவிவிட்டுப் பணம் வாங்க வழியில்லாமல் முழிப்பவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் வூகாமர்ஸுக்குப் போட்டி குறைவு. அதற்கு இணைப்பு இல்லாத இந்தியக் கேட்வேயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேட்வே கட்டணம் பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி வரும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு. யுபிஐக்கு வணிகரிடம் கட்டணம் கூடாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரியில் வந்தது; சேவைக் கட்டணம் என்று வேறு பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வாசித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை நம் தளத்தில் வைத்துக்கொள்ளும் யோசனையே வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி அதற்குத் தடை போட்டிருக்கிறது; கேட்வேயின் பக்கத்திலேயே எண்ணைப் போட வைப்பதுதான் சிறு கடைக்குப் பாதுகாப்பு.

ஒரு விஷயம் மென்பொருளைவிட அதை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. கூடையில் பொருளை எடுத்து வைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. முதல் காரணம், கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் கூடுதல் கட்டணம். கணக்குத் தொடங்கச் சொல்லி வற்புறுத்துவதும் காரணங்களில் ஒன்று. அரைக்கிலோ கருப்பட்டி வாங்க வந்தவரிடம் பாஸ்வேர்டு கேட்பானேன்? பெயர் பதியாமல் வாங்கும் வசதி மூன்று மென்பொருளிலும் உண்டு. அதைத் திறந்து வைத்தால் போதும்.

இனிப் பூட்டு. 2021 ஜூலையில் வூகாமர்ஸில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தபோது, அதை எழுதியவர்கள் அவசர அவசரமாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பதிப்புகளுக்குத் திருத்தம் தயாரித்து, பல கடைகளில் தாங்களாகவே நிறுவச் செய்தார்கள். கூட்டம் இருக்கிற மென்பொருளின் பலன் இது. பெரும்பாலும் ஆபத்து வருவது பிளக்-இன் வழியாக. வேர்ட்பிரஸ் கிடங்கில் ஒவ்வொரு பிளக்-இன்னுக்கும் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற விவரம் இருக்கும். இரண்டு ஆண்டாக யாரும் தொடவில்லை என்றால் நாமும் தொடாமலிருப்பது நல்லது. விலைக்கு விற்கும் பிளக்-இன்னைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் தளங்கள் ஏராளம். அண்ணன் மகன் அங்கேதான் முதலில் போவான். அப்படிக் கிடைப்பவற்றில் பின்வாசல் வைத்து அனுப்புவது பழைய தொழில். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது.

இவ்வளவையும் கூட்டினால், எடை பிளக்-இன்னுக்கும் பில் பிளக்-இன்னுக்கும் விலையில்லாதவை கிடைப்பதால், பக்கத்தில் ஆள் கிடைப்பதும் கேட்வே எளிதில் இணைவதுமாக வூகாமர்ஸ் பக்கமே தராசு சாய்கிறது. வேர்ட்பிரஸின் வாராந்தரப் புதுப்பிப்பு நச்சரிப்பு பிடிக்காது, நூறு பொருளைப் பட்டியல் போட்டு விற்றால் போதும் என்பவருக்கு ஓப்பன்கார்ட்டின் பழைய, நிலைபெற்ற பதிப்பு இன்னும் நிம்மதி. பிரஸ்டாஷாப் நல்ல மென்பொருள். ஆனால் அதன் கூட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது, தூத்துக்குடியில் இல்லை.

சுமைகூலி என்று பார்த்தால் டொமைன் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின், ஹோஸ்டிங் முதல் ஆண்டு ஆசை காட்டும் விலை, இரண்டாம் ஆண்டு உண்மை விலை. அதற்கு மேல் ஓர் ஆளின் நேரம். அதைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அண்ணன் மகன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போவான். டொமைன் அவன் மின்னஞ்சலில் பதிந்திருக்கும், ஹோஸ்டிங் அவன் கார்டில், நிர்வாகி பாஸ்வேர்டு அவன் தலையில். இவை மூன்றும் முதல் நாளே அத்தையின் பெயருக்கு வர வேண்டும். பொருள் பட்டியலை மாதம் ஒரு முறை கோப்பாக இறக்கித் தன் கணினியில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; வூகாமர்ஸில் அது இரண்டு பொத்தான் வேலை.

கடை திறப்பதற்கு முந்தைய நாள் அத்தை தன் செல்போனிலேயே ஓர் ஆர்டர் போட்டுப் பார்க்கலாம். மூன்று கிலோ சுக்குக் கருப்பட்டி, ஓசூரில் இருக்கும் தங்கை முகவரிக்கு ஒன்று. அதையே எல்லை தாண்டி ஆனேக்கல் முகவரி கொடுத்து இன்னொன்று. இரண்டுக்கும் வரி மாறுகிறதா, கூரியர் கட்டணம் ஓலைப்பெட்டியையும் சேர்த்துக் காட்டுகிறதா, தங்கைக்குப் போன மின்னஞ்சலில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையாமல் வந்ததா என்று பார்க்க அரைமணி நேரம் ஆகும். பாகு ஒட்டிய நோட்டை அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.